சாதுல்லாவின் திறப்பு விழா

கள்ளக்குறிச்சியில் பெயிண்ட் கடை வைத்திருந்த சாதுல்லாவுக்குச் சிவப்பு நிறம் முதலில் வலது கண்ணில்தான் வெளுத்தது. இடது கண்ணால் பார்த்தால் மிளகாய்ப்பழம். வலது கண்ணால் பார்த்தால் அதே பழம் பல நாள் வெயிலில் கிடந்தது போல. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மணலூர்பேட்டை நாராயணசாமி தன் மோட்டார் கொட்டகைக்குச் செங்கல் நிறம் கேட்டு வந்தபோது, வெளுப்பாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சிவப்பைக் கலந்து கொடுத்தார். கரும்புக் கொல்லைக்கு நடுவே தீயணைப்பு வண்டி நிற்பது போல அந்தக் கொட்டகை நின்றது. நாராயணசாமி நல்ல மனிதர். "பரவால்ல பாய், காட்டுப்பன்னி கிட்டயே வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு கால் போயிற்று. எங்கும் போய்விடவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே பேச்சைக் கேட்காமல் போயிற்று. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் வலது செருப்பு தெருவிலேயே நின்றுவிடும். அது கழன்றது அவருக்குத் தெரியாது. மனைவி நூர்ஜகான் போய் எடுத்துவருவாள்.

"இன்னாங்க, செருப்ப ரோட்டுல வுட்டுட்டு வந்துகினு இருக்கீங்க?"

"கால்ல கீதுன்னு நெனச்சேன்" என்பார் சாதுல்லா.

சென்னையில் ஒரு நரம்பு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்றார். நோயை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் காவல்படையே நரம்புகளின் மேலுறையைக் கடித்துத் தின்கிறது என்று விளக்கினார். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். நோய் அவற்றையும் மதிக்காமல் இடது கைக்கு வந்தது. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். சாதுல்லாவின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்துக்கு விதையான உயிரணுக்களை, எடுத்து உறைய வைப்பது. கடுமையான மருந்து கொடுத்து, கெட்டுப்போன காவல்படையை மொத்தமாக அழிப்பது. பிறகு உறைய வைத்ததைத் திரும்ப உள்ளே விடுவது. புதிய படை முளைத்துவரும்.

"பழைய பெயிண்ட்ட மொத்தமா சொரண்டி எடுத்துட்டு, திரும்ப பட்டி பாக்கறாப்புல" என்றார் சாதுல்லா.

"அதேதான். ஆனா சுரண்டினதுக்கும் பட்டி பாக்கறதுக்கும் நடுவுல மழை வரக்கூடாது. அப்ப ஒரு சாதாரண சளியே ஆளைக் கொண்டுபோயிடும்" என்றார் மருத்துவர். "இன்னொன்னும் சொல்லிடறேன். நோய் நிக்கலாம். போன காலு திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்."

அந்தச் சிகிச்சைக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை என்று தெரிந்தபோது நூர்ஜகான் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னாலேயே, ஒரு நிறுவனம் புதிதாக எழும்பியிருந்தது. அதன் பெயர் 'கல்வராயன் அடிவார உயர்நுட்ப உயிரணு மருத்துவ ஆராய்ச்சி மற்றும் மக்கள் நல்வாழ்வு நிலையம்'. பெயர்ப்பலகையைவிடச் சுவர் சிறியதாகப் போனதால், 'நல்வாழ்வு நிலையம்' என்பது மட்டும் முனை திரும்பிப் பக்கத்துச் சுவரில் இருந்தது. வெளியூரில் படித்துத் தேறிய தமிழழகன் என்ற இளம் மருத்துவர் அங்கே இருந்தார். கருவிகள் எல்லாம் இருந்தன. முதல் நோயாளி மட்டும் இல்லாமல் இருந்தது. சாதுல்லா போய்ச் சேர்ந்ததும் அதுவும் வந்துவிட்டது.

இயக்குநர் டாக்டர் தீனதயாளன் எழுந்து நின்று வரவேற்றார்.

"திரு சாதுல்லா அவர்களே! இந்த மாவட்டத்தின் மருத்துவ வரலாற்றில் நீங்கள் ஒரு மைல்கல்!"

சாதுல்லா தன் காலைப் பார்த்தார். "மைல்கல்லு நவுராதே சார். நான் நடக்கணும்னுதான் வந்தேன்."

இயக்குநர் அதை ஒரு நன்றியுரையாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

தமிழழகன் தன் வேலையைச் செய்தார். எலும்புக்குள் இருக்கும் உயிரணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்க ஊசி போட்டார். இடுப்பெலும்புக்குள் யாரோ உரலில் இடிப்பது போல வலித்தது. பிறகு ஒரு பகல் முழுக்கச் சாதுல்லாவின் ரத்தம் ஒரு இயந்திரத்துக்குள் போய்ப் போய் வந்தது. முடிவில் உள்ளங்கையளவு பை ஒன்றில் தக்காளி ரசம் போலக் கொஞ்சம் தேறியது. அதை உறைய வைத்தார்கள். "இது ஒண்ணுதான் பாய், வேற கிடையாது" என்றார் தமிழழகன். கணவன் மனைவி இருவரும் அந்தப் பையைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

சிக்கல் சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்தது. அங்கே ஒரு பட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து வெட்டும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. ஆனால் அவர் வரும்போது உள்ளே காட்டுவதற்கு ஒரு நோயாளி இருந்தாக வேண்டும். ஆகவே பிரிவு திறக்கப்படாமலேயே இயங்கியது. மருத்துவர்கள் குனிந்து போனார்கள். செவிலியர்கள் குனிந்து போனார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டினார்கள். கோலூன்றி நடந்துவந்த சாதுல்லாவால் நடக்க முடிந்தது, குனியத்தான் முடியவில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ரிப்பனுக்கு அடியில் தள்ளினார்கள்.

சிறப்பு விருந்தினர் யார் என்பதை யாரும் சொல்லவில்லை. 'பெரிய இடம்' என்று மட்டும் சொன்னார்கள். விழா ஒருங்கிணைப்பாளரான ஆதிமூலம் அந்த இரண்டு சொற்களைச் சொல்லும்போதே எழுந்து நின்றுவிடுவார். பெரிய இடத்திலிருந்து தேதி வந்தது. அந்தத் தேதிக்குச் சரியாக உயிரணுக்களைத் திரும்ப ஏற்றும்படி கணக்கிட்டு, தமிழழகன் மருந்தைத் தொடங்கினார்.

மருந்து சாதுல்லாவைச் சுரண்டியது. தாடி தலையணையில் உதிர்ந்தது. வாயெல்லாம் புண். தண்ணீர் கண்ணாடித்தூள் போல இறங்கியது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நூர்ஜகான் முகக்கவசத்தோடு நின்று, சைகையிலேயே "சாப்டீங்களா?" என்று கேட்பாள். அவர் சைகையிலேயே பொய் சொல்வார். காவல்படை முழுவதுமாக அழிந்துவிட்டதாக ரத்தப் பரிசோதனை சொன்ன அன்று, பெரிய இடத்திலிருந்து விழா தள்ளிப்போவதாகத் தகவல் வந்தது.

தமிழழகன் இயக்குநரின் அறைக்கு ஓடினார். பின்னாலேயே நூர்ஜகானும் போனாள்.

"சார், மருந்து உள்ள போயாச்சு. இப்ப அவருக்கு எதிர்ப்புசக்தியே கிடையாது. நாளைக்கு செல்லை ஏத்தியாகணும்."

"ஏற்றலாம், தாராளமாக ஏற்றலாம்" என்றார் தீனதயாளன். "திறக்காத பிரிவில் எப்படி ஏற்றுவது என்பதுதான் கேள்வி."

"மருந்து ஏத்தினீங்களே, அது திறக்காத பிரிவுலதான?" என்றாள் நூர்ஜகான்.

"அது அழிக்கும் பணி அம்மா. அழிக்கும் பணிக்குத் திறப்பு விழா தேவையில்லை. ஆக்கும் பணிக்குத்தான் தேவை." தான் சொன்னது அவருக்கே பிடித்துப்போயிற்று. அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

தமிழழகன் கெஞ்சினார், கோபப்பட்டார், மறுபடி கெஞ்சினார். விழாவும் அதோடு உயிரணு ஏற்றுவதும் மறுநாளைக்கு மறுநாள் என்று முடிவானது.

இடைப்பட்ட நேரத்தில் நிலையம் முழுக்க விழா ஏற்பாடு. சாமியானாப் பந்தலுக்குக் குழி தோண்டிய மண் காற்றில் பறந்தது. நோயாளிக்கு மாலை போட வேண்டும் என்றார் ஆதிமூலம். பூவில் கிருமி இருக்கும், கூடவே கூடாது என்றார் தலைமைச் செவிலியர் விஜயலட்சுமி. பிளாஸ்டிக் மாலை வாங்கிவந்து, கத்திரி, கத்திகளைக் கிருமி நீக்கும் நீராவிப் பெட்டிக்குள் வைத்தார்கள். திறந்து பார்த்தபோது அது அல்வா போல உருண்டிருந்தது. உயிரணு ஏற்றும் நாளை நோயாளியின் மறுபிறந்தநாள் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம் என்று எங்கோ படித்த இயக்குநர், கேக்குக்குச் சொல்லியனுப்பினார். வேகவைத்த கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் இருந்த சாதுல்லா, கண்ணாடிக்கு வெளியே தன் பெயர் எழுதிய கேக் போவதைப் படுத்தபடி பார்த்தார்.

விழாவுக்கு முதல் நாள் பிற்பகல் விஜயலட்சுமி சட்டென்று தலை நிமிர்ந்தார். அறைக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த 'ம்ம்' என்ற சத்தம் நின்றிருந்தது. அறைக் காற்றை வடிகட்டி அனுப்பும் இயந்திரத்தின் சத்தம் அது.

"மைக் டெஸ்டுல எரைச்சல் வுழுது சிஸ்டர், அதான் செத்த நேரம் ஆஃப் பண்ணேன்" என்றார் ஆதிமூலம்.

தமிழழகன் போய்ச் சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாடும் அங்கேயே வந்தது. படித்த படிப்பெல்லாம் போய், ஒரு சுவிட்சுக்குக் காவல்காரராக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துதான் நூர்ஜகானுக்கு முதன்முதலாக உண்மையிலேயே பயம் வந்தது.

விழா நாள். வாசலில் மேடை. மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு. பக்கத்தில் மேளக்காரர்கள். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மேசை, அதன் மேல் வெந்நீர்த் தொட்டி. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வசதியாக, உறைந்த பையை மேடையிலேயே வெந்நீரில் உருக்கிக் காட்ட வேண்டும் என்பது இயக்குநரின் ஏற்பாடு. தமிழழகன் கையுறை போட்டுக்கொண்டு அந்த மேசையருகே நின்றார். உறைந்த பை இன்னும் குளிர்கலனுக்குள் இருந்தது.

"உருகிட்டா வச்சிருக்க முடியாது சார். உறைய வைக்கக் கலந்த மருந்தே உருகினதும் செல்லைக் கொல்ல ஆரம்பிச்சிடும். உடனே ஏத்திடணும்" என்று அவர் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

"அதற்குத்தான் ஆதிமூலம் போனில் இருக்கிறாரே" என்றார் இயக்குநர்.

ஆதிமூலம் போனைக் காதிலிருந்து எடுத்தார். "சின்னசேலம் தாண்டிட்டாங்க!"

"உருக்குங்கள்!" என்றார் இயக்குநர்.

பை வெந்நீரில் இறங்கியது. செங்கல் போல இருந்தது மெல்ல இளகி, ஓரங்களில் தளும்பத் தொடங்கியது. கேமராக்கள் பளிச்சிட்டன. பையின் கடைசிப் பனிக்கட்டி கரைந்த நேரத்தில் ஆதிமூலத்தின் போன் மறுபடி அடித்தது. அவர் முகம் மாறியது.

"சார், வழியில தண்ணீர்ப் பந்தல் ஒன்னு தெறக்கறாங்களாம். தர்பூசணி குடுத்துட்டு வந்துடுவாங்களாம்."

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டார் தமிழழகன். அவர் கை தொட்டிப் பக்கம் போனது. "சார், நான் பையை எடுத்துக்கினு உள்ள போறேன்."

"தொடாதீர்கள்!" தீனதயாளன் கையை நீட்டி மறித்தார். "நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறது. முதலில் விளக்கேற்றுதல். அதன் பிறகுதான் பை. வரிசை மாறினால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குணமாகலாம் என்று ஆகிவிடும். அதற்கா ஒரு நிறுவனம்?"

நூர்ஜகான் கண்ணாடித் தடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தாள். உள்ளே கணவருக்கு உடம்பு அனலாகத் தொடங்கியிருப்பதாக விஜயலட்சுமி சொல்லியிருந்தார். அவள் மேடையருகே வந்து, வெந்நீரில் மிதக்கும் பையைப் பார்த்தாள். தமிழழகனின் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதில்லை.

"சார், வெளக்கு ஏத்தினாதான் அத்த எடுப்பீங்களா?"

"அதுதான் அம்மா வரிசை. வரிசையை நான் போடவில்லை. நான் கையெழுத்துத்தான் போட்டேன்."

நூர்ஜகான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மேடைப் படிகளில் ஏறினாள். ஆதிமூலம் பெரிய இடத்துக்காகக் கையில் வைத்திருந்த வெள்ளித்தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி மின்விசிறிக் காற்றில் அணைந்தது. இரண்டாவதைக் கைகளுக்குள் பொத்திக் கொளுத்தினாள். முதல் திரி பிடித்துக்கொண்டது. இரண்டாவது திரி எண்ணெயில் ஊறிப்போய்ப் பிடிக்க மறுத்தது. விரலால் அதை இழுத்துவிட்டு, விரல் சுட்டதையும் பொருட்படுத்தாமல் மறுபடி வைத்தாள். அதுவும் எரிந்தது. மூன்றாவது. நான்காவது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. விளக்கேற்றுகிறவரைத் தடுப்பது எப்படி என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஐந்தாவது திரி எரிந்ததும், காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்த மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். மேளம் கேட்டதும் ஆதிமூலத்தின் வாய், அவரைக் கேட்காமலே, மைக்கில் முழங்கியது: "திருவிளக்கு இனிதே ஏற்றப்பட்டது! அடுத்ததாக, உயிரணுப் பையை உள்ளே எடுத்துச் செல்லும் வரலாற்று நிகழ்ச்சி!" கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்ட இடத்தில் தானும் தட்டுவது தீனதயாளனின் நெடுநாள் உத்தியோகப் பழக்கம். அவரும் தட்டினார்.

தமிழழகன் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ரிப்பனுக்குக் குனிய வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அது அவர் நெஞ்சில் பட்டு அறுந்தது. உள்கதவருகே சுத்த உடையில் தயாராக நின்ற விஜயலட்சுமி பையை வாங்கினார். கண்ணாடிக்கு அப்பால், சாதுல்லாவின் மார்பிலிருந்த குழாயில் சிவப்பு மெல்ல இறங்குவதை நூர்ஜகான் பார்த்தாள். மூச்சு விடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், எங்கனா சோளம் வேவுதா?" என்றார் சாதுல்லா கண்ணைத் திறக்காமல்.

"அது பையில கலந்திருந்த மருந்து வாட பாய். உங்க மூச்சுலருந்துதான் வருது."

பெரிய இடம் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர் முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினார். அணைத்த விளக்கை மறுபடி ஏற்றினார். உயிரணு ஏற்ற வேண்டும் என்றார். தமிழழகன் சாதுல்லாவின் அறை வாசலில் சுவர் போல நின்றுகொண்டு, உள்ளே விடமுடியாது என்று சொல்லிவிட்டார். எனவே பக்கத்து அறையில், செவிலியர் பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். பெரிய இடம் குழாயின் திருகைத் திறந்தார். உப்புநீர் மெத்தைக்குள் இறங்கியது.

"தைரியமாக இருங்கள்" என்று அவர் பொம்மையின் கையைப் பிடித்தார். பிறகு கேமராக்களிடம் திரும்பி, "இவ்வளவு பொறுமையான நோயாளியை நான் பார்த்ததே இல்லை. எந்தக் குறையும் சொல்லவில்லை. இந்த நிறுவனத்தின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்றார். பொம்மைக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

அந்த வாரம் சாதுல்லா எரிந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. பந்தல் மண்ணா, மைக் டெஸ்டா, எது கிருமியை உள்ளே விட்டது என்று சொல்ல முடியாது என்றார் தமிழழகன். மருந்து மாற்றி மருந்து போட்டார். சாதுல்லா பிதற்றினார். யாருக்கோ வாசல்கதவுக்கு நிறம் சொல்லிக்கொண்டிருந்தார். நூர்ஜகான் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி துவா செய்தாள். எத்தனை முறை ஓதினாள் என்பது அவளுக்கே தெரியாது.

தீனதயாளன் அவளைத் தேடி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கனிவாகத்தான் பேசினார்.

"அம்மா, நம்பிக்கை இழக்கக் கூடாது. ஆனால் நிறுவனம் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? ஒருவேளை ஏதாவது நேர்ந்துவிட்டால், அவரை 'முன்னோட்ட நோயாளி' என்று வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஒரு கருத்து. முதல் நோயாளி என்ற இடம் காலியாக, தூய்மையாக இருக்கும். உங்களுக்கும் மனச்சங்கடம் குறையும்."

நூர்ஜகான் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரர் செத்தா முன்னோட்டம். பொழைச்சா மொதல் ஆளு. அப்படித்தான சார்?"

"நீங்கள் எளிய தமிழில் அழகாகச் சொல்லிவிட்டீர்கள்" என்றார் இயக்குநர்.

அவள் எழுந்து கண்ணாடிக்கே போய்விட்டாள். அங்கே நின்றுதான் அழுதாள். சாதுல்லா பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள்.

காய்ச்சல் ஒரு காலையில் வியர்வையாக வடிந்தது. அடுத்து வந்த ரத்தப் பரிசோதனையைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழழகன் நடைவழியில் ஏறக்குறைய ஓடிவந்தார். வெள்ளணுக்கள் முளைத்திருந்தன. அதிகமில்லை, விதைத்த வயலில் தெரியும் முதல் பச்சை போல. "வந்துடுச்சுக்கா" என்று மட்டும் சொன்னார். நூர்ஜகான் சைகையில் கணவருக்குச் சொன்னாள். அவருக்குச் சைகை புரியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். சிரித்ததில் வாய்ப்புண் வலித்தது.

ஒரு வருடம் கழிந்தது. ஸ்கேனில் புதிய காயம் ஒன்றுகூட இல்லை. நோய் நின்றிருந்தது. இடது கை திரும்பிவந்தது. வலது கால் திரும்பவில்லை. சென்னை மருத்துவர் சொன்னபடியேதான். சாதுல்லா கோலூன்றி, காலை இழுத்து இழுத்து மறுபடி கடைக்குப் போனார். மேலும் மோசமாகாத ஒரு உடம்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் நூர்ஜகானுக்கும் தெரிந்திருந்தது. அதை வேறு யாருக்கும் விளக்க முடியவில்லை.

நிலையத்தின் முதலாண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. மேடைக்குப் பின்னால் தீனதயாளன் சாதுல்லாவை மேலும் கீழும் பார்த்தார். பார்வை கோலில் போய் நின்றது.

"மேடையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கோல் இல்லாமல், கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். முடியும்தானே?"

"முடியாது சார். நோவு நின்னுட்ச்சு. அதான் பெரிசு. டாக்டர் தம்பி எனக்கு உசுரையே குடுத்தாரு. அத்த வேணா மைக்குல சொல்றேன்."

"நின்றுவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாதே" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "மக்கள் நடப்பதைத்தான் பார்ப்பார்கள்." கொஞ்சம் யோசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு இருவரையும் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்.

விழா தொடங்கியது. "இந்த நிலையத்தின் முதல் நோயாளி, மறுவாழ்வு பெற்ற திரு சாதுல்லா அவர்கள்!" என்று ஆதிமூலம் முழங்கினார். சாதுல்லா பழக்கத்தில் எழப்போனார். அதற்குள் மேடையின் ஒரு முனையிலிருந்து யாரோ ஒரு வாட்டசாட்டமான ஆள் புதுத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். கையை வீசி விறுவிறுவென்று மறுமுனைவரை நடந்தார். திரும்பினார். மறுபடி நடந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"யாருங்க அது?" என்றாள் நூர்ஜகான்.

"நான்தானாம்" என்றார் சாதுல்லா.

அவள் மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கணவரின் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்து, எழுந்திருக்கத் தோள் கொடுத்தாள்.

"நல்லாத்தான் நடக்கறீங்க. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது."